கலியாணக் காட்டில் தொலையும் கோடுகள்

போனில் பார்த்தபோது கலியாண அழைப்புக் காட் வடிவாகத்தான் இருந்தது. பொம்பிளை மாப்பிள்ளை பெயர்கள் ஆங்கிலத்தில், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் நூல்போல மெலிந்தும், பாரிஸ் பெஷன் சஞ்சிகையின் அட்டை மாதிரி நின்றன. வட்ஸ்அப்பில் ரொரன்ரோவுக்குப் போய், அங்கிருந்து சம்மதமும் வந்துவிட்டது. அச்சகத்திலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் கதை வேறு. பெரிய எழுத்திலிருந்த இரண்டு பெயர்களும் தப்பிவிட்டன. மண்டபம், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் உடைந்து கிடக்கின்றன. ஆங்கில 'ஓ' இரண்டு அடைப்புக்குறிகளாகவும், சிறிய 'என்' இரண்டு கம்பங்களாகவும் தெரிகின்றன.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சச்சரவு பெரும்பாலும் அச்சகக்காரரைத் திட்டுவதோடு முடிகிறது. அச்சிலும் பிழை இருக்கலாம்தான். ஆனால் மை தாளில் படுவதற்கு வெகு முன்பே, எழுத்துருவைத் தெரிந்தெடுத்த இடத்திலேயே இந்தப் பிழை நடந்துவிடுவதுண்டு. அந்த மெல்லிய கோட்டை எழுத்தின் அலங்காரமாக மட்டும் பார்க்கிறோம். அது தாளுக்கும் அளவுக்கும் கட்டுப்பட்ட ஒன்று. எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

நாலு சொற்கள்

1. எழுத்துரு: ஒரே சாயலில் வரைந்த எழுத்துக்கள், இலக்கங்கள், குறிகளின் தொகுதி. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்போல, ஒவ்வொன்றும் வேறாக இருந்தாலும் மூக்கும் முழியும் ஒன்றாக இருக்கும்.

2. செரிஃப்: எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே வரும் சிறு பட்டை. கதிரைக் காலின் கீழ் வைத்த கட்டையைப் போன்றது.

3. தடிப்பு வேறுபாடு: ஒரே எழுத்துக்குள் மிகத் தடித்த கோட்டுக்கும் மிக மெல்லிய கோட்டுக்கும் உள்ள விகிதம். பத்தி வாசிப்புக்கான எழுத்துக்களில் இது மட்டாக இருக்கும். இங்கே பேசப்படும் எழுத்துக்களில் தண்டு, அதாவது தடித்த செங்குத்துக் கோடு, மெல்லிய கோட்டைவிட எட்டு, பத்து மடங்கு தடித்திருப்பது சாதாரணம்.

4. மயிரிழை: அந்த மிக மெல்லிய கோடு. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் இதுதான்.

இந்த வகை ஆங்கில எழுத்துக்களுக்கு டிடோன் என்று பொதுப்பெயர். பாரிஸின் டிடோ, பார்மாவின் பொடோனி என்ற அச்சுக்காரர்களின் இரண்டு பெயர்களையும் ஒட்டி, 1954இல் மக்சிமிலியன் வொக்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எழுத்துருக்களை வகை பிரித்தபோது உண்டாக்கிய சொல் அது. அடையாளம் காண்பது சுலபம். செங்குத்துக் கோடுகள் தடிப்பு, படுக்கைக் கோடுகள் மயிரிழை. செரிஃப்பும் மயிரிழைதான், தண்டோடு வளைந்து சேராமல் தட்டையாக வெட்டி வைத்ததுபோல நிற்கும். வளைவு முடியும் இடங்களில் கண்ணீர்த் துளியோ உருண்டையோ தொங்கும்.

பேனா மாறியது, தாள் மாறியது

ஐரோப்பாவின் பழைய அச்செழுத்துக்களுக்கு அடிப்படை அகன்ற முனைப் பேனா. பேனாவைச் சற்றுச் சரித்துப் பிடித்தால், இழுக்கும் திசையைப் பொறுத்து கோடு தடிக்கும், மெலியும். மெல்லிய இடம் எழுத்தின் உச்சியில் வராது, சற்றுச் சாய்ந்து தோளில் வரும். வேறுபாடும் பெரிதாக இருக்காது.

பிறகு கூர்முனைப் பேனா வந்தது. இதில் திசைக்கு வேலை இல்லை, அழுத்தத்துக்குத்தான் வேலை. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை இரண்டாக விரிந்து தடித்த கோடு வரும். மேலே போகும்போது அழுத்தாவிட்டால் மயிரிழை வரும். எழுத்துப் பழக்கும் ஆசிரியர்கள் இந்தக் கையெழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கிப் புத்தகமாக வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் எவ்வளவு மெல்லிய கோட்டையும் கீறலாம். அதைப் பார்த்த கண்ணுக்கு ஈய அச்செழுத்து மொட்டையாகத் தெரிந்தது.

ஈயத்தில் அந்த மெல்லிய கோட்டை வெட்டினால் மட்டும் போதாது, அது தாளில் பதியவும் வேண்டும். அன்றைய கைத்தாள் கம்பிச் சட்டத்தில் செய்தது. கம்பியின் வரி தாளில் மேடும் பள்ளமுமாக இருக்கும். மயிரிழை அந்தப் பள்ளத்தில் விழுந்தால் பதியாது, ஆழமாக அழுத்தினால் தடித்துவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் இருந்த ஜோன் பாஸ்கர்வில். எழுத்துப் பழக்கும் ஆசிரியராகவும் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுபவராகவும் இருந்தவர். இறந்தவர் நினைவாக அச்சிடும் மலருக்கே கல்வெட்டு என்று பெயர் வைத்திருக்கும் எங்கள் ஊருக்கு இந்த இரண்டு தொழிலுக்கும் உள்ள உறவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் 1757இல் வெளியிட்ட ரோமக் கவிஞர் வேர்ஜிலின் நூலில் வரியில்லாத வழுவழுப்பான நெய்தாளைப் பயன்படுத்தினார், மையை இன்னும் கறுப்பாக்கினார், அச்சிட்ட தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு இடையில் வைத்து அழுத்தினார். எழுத்து, மை, தாள், அழுத்தம் நான்கையும் ஒருவரே மாற்றியதால்தான் அந்த மெல்லிய கோடு நின்றது.

அப்போதே முறைப்பாடும் தொடங்கிவிட்டது. இந்த மெல்லிய கோடுகளால் நாட்டில் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் கண் போய்விடும் என்று ஒருவர் பெஞ்சமின் பிராங்ளினிடம் சொன்னாராம். பிராங்ளின் தொழிலால் அச்சுக்காரர், குறும்புக்காரரும்கூட. கஸ்லன் என்ற போட்டியாளரின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, பெயர் இருந்த மேற்பகுதியைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில்லின் எழுத்து, குறை எங்கே என்று காட்டுங்கள் என்று கொடுத்தார். மனிதர் அதில் ஒவ்வொரு குறையாகக் காட்டினார். 1760இல் பிராங்ளினே இதைப் பாஸ்கர்வில்லுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். எழுத்துரு பற்றிய விவாதங்களில் பாதி இன்றைக்கும் இந்தக் கதைதான்.

சரி, பாஸ்கர்வில் போட்ட பாதையில் மற்றவர்கள் இன்னும் தூரம் போனார்கள். பாரிஸில் பிர்மன் டிடோ 1784 அளவில் வெட்டிய எழுத்தில் செரிஃப் முழு மயிரிழை ஆகிவிட்டது. இத்தாலியின் பார்மாவில் கோமகனின் அச்சகத்தை 1768 முதல் நடத்திய ஜாம்பத்திஸ்தா பொடோனி அதை ஒரு அரண்மனைக் கலையாக்கினார். பெரிய தாள், பெரிய எழுத்து, சுற்றி நிறைய வெற்றிடம். 1813இல் அவர் இறந்த பின் மனைவி மார்கரீத்தா, கணவரின் எழுத்து மாதிரிகளை 1818இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் பக்கங்களில் எழுத்தைவிட வெறும் தாளே அதிகம். இன்றைக்கு நாங்கள் 'எலிகன்ட்' என்று சொல்லும் தோற்றத்தின் பாதி அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்து, மூலைக்கு மூலை பிள்ளையாரும் குத்துவிளக்கும் நிறைந்த காட்டுக்குள் திணித்தால் அது வேலை செய்யாது.

19ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்தக் குடும்பத்து எழுத்தே ஆங்கில அச்சில் பெருவாரியாக ஓடியது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் அச்சகம் மானிப்பாயில் இயங்கியதும், 1841இல் தமிழும் ஆங்கிலமுமாக உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியதும், 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதும் இந்தக் காலத்தில்தான். ஆனால் அரண்மனைத் தாளுக்கு வெட்டிய எழுத்தை மலிவுத் தாளிலும் வேக யந்திரத்திலும் ஓட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் தியடோர் டி வின் என்ற அச்சுக்காரர் எழுத்து மெலிந்து சாம்பலாகத் தெரிகிறது என்று சலித்து, லின் பொய்ட் பென்டனோடு சேர்ந்து 1894இல் ஒரு சஞ்சிகைக்காக மயிரிழைகளைத் தடிப்பாக்கிய எழுத்தைச் செய்தார். அந்தச் சஞ்சிகையின் பெயராலேயே அது செஞ்சுரி ஆனது. செய்தித்தாள்கள் 1925க்குப் பிறகு இன்னும் திடமான எழுத்துக்களுக்கு மாறின. செய்தித்தாள் கடதாசியில் மயிரிழை நிற்காது என்பது அன்றைக்கே தீர்ந்த விடயம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை வாசித்தவர்களுக்கு, தாள் எழுத்தை என்ன செய்யும் என்று சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெயரில் இருக்கும் 72

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியாக வெட்டினார்கள். எழுத்தளவைப் பொயின்ட் கணக்கில் சொல்வார்கள். 8 பொயின்ட் பொடோனியும் 60 பொயின்ட் பொடோனியும் ஒரே வரைபடத்தின் சிறிது பெரிது அல்ல. சிறிய அளவில் மயிரிழை ஒப்பீட்டில் தடிப்பாக இருக்கும், எழுத்துக்களுக்கு இடையில் இடம் கூடும், எழுத்து சற்று அகலமாகும். பெரிய அளவில்தான் மயிரிழையை முழுக்க மெலியவிட்டார்கள். இதை அளவுக்கேற்ற வெட்டு என்று சொல்லலாம்.

முதலில் புகைப்பட எழுத்தமைப்பும் பிறகு கணினியும் வந்தபோது இந்த வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஒரே வரைபடத்தை எந்த அளவுக்கும் ஊதலாம், சுருக்கலாம் என்றாகிவிட்டது. மற்ற எழுத்துருக்களுக்கு இதனால் வந்த சேதம் சிறிது. டிடோன் குடும்பத்துக்கு வந்த சேதம் பெரிது. பெரிய அளவுக்கான வரைபடத்தைச் சுருக்கினால் மயிரிழையும் சேர்ந்து சுருங்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈய எழுத்து தாளில் அழுந்தும்போது மை ஓரத்தில் சற்றுப் பிதுங்கும், அதனால் கோடு தானாகவே தடிக்கும். பழைய பொடோனி அச்சில் நாங்கள் காண்பது அந்தப் பிதுக்கமும் சேர்ந்த எழுத்து. கணினி எழுத்துரு அந்தப் பிதுக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் வரையப்பட்டிருந்தால், மூலத்தைவிட மெலிந்த ஒன்றுதான் அச்சில் வரும்.

1990களில் சிலர் பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஹார்ப்பர்ஸ் பஸார் சஞ்சிகைக்காக ஜொனதன் ஹெஃப்லர் செய்த டிடோ எழுத்துரு, சிறியதிலிருந்து மிகப் பெரியது வரை ஏழு அளவுகளுக்கு ஏழு வெட்டுக்களாக வந்தது. எந்த அளவில் போட்டாலும் மயிரிழை ஒரே மெல்லிசாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். 1994இல் வந்த இன்னொரு பொடோனி 6, 12, 72 என்று மூன்று வெட்டுக்களாக வந்தது. இதில் 72 மட்டும் ஐபோனிலும் மக் கணினியிலும் சேர்ந்தே வருகிறது. பட்டியலில் பொடோனி 72 என்று இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். அந்த 72 அலங்காரத்துக்கு வைத்த இலக்கம் இல்லை. இதை 72 பொயின்ட் அளவுக்கு, அதாவது ஓர் அங்குல எழுத்துக்கு, வெட்டினோம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதை எடுத்து 8 பொயின்டில் மண்டப முகவரி அடிக்கிறோம்.

இலவசமாகக் கிடைக்கும் பிளேஃபெயார் டிஸ்பிளேயும் அப்படித்தான். 2011இல் வந்தது, பாஸ்கர்வில் காலத்துச் சாயல் கொண்டது, இணையத்தில் எங்கும் காணலாம். பெயரில் உள்ள 'டிஸ்பிளே' தலைப்புக்கு என்று அர்த்தம், பத்திக்கு என்று அல்ல. பொடோனி மோடா என்ற இன்னொரு இலவச எழுத்துரு 6 முதல் 96 பொயின்ட் வரை அளவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளக்கூடியது. ஆனால் நீங்கள் பாவிக்கும் மென்பொருள் அந்த வசதியை இயக்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இயக்காவிட்டால் அதுவும் ஒரே வெட்டுத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பொயின்ட் 0.353 மில்லிமீற்றர். மயிரிழை எழுத்தளவின் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். பெரிய அளவுக்கு வெட்டிய டிடோனில் இது நடக்கக்கூடிய ஒன்றுதான்.

1. 60 பொயின்டில் மயிரிழை 0.21 மி.மீ. எந்த அச்சகமும் கொண்டுவரும்.
2. 24 பொயின்டில் 0.085 மி.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி அடிக்கும் யந்திரத்தில் ஒரு புள்ளியின் அளவும் இதுவே. அதாவது கோடு ஒற்றைப் புள்ளியில் தொங்குகிறது.
3. 10 பொயின்டில் 0.035 மி.மீ. 600 புள்ளி லேசர் பிரின்டரின் ஒரு புள்ளியே 0.042 மி.மீ. கோடு புள்ளியைவிடச் சிறிது. யந்திரம் அதைத் தடிப்பாக்கும், அல்லது விட்டுவிட்டு அடிக்கும். எதைச் செய்யும் என்பது கோடு புள்ளிக் கட்டத்தில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே சொல்லில் ஓர் எழுத்து தெளிவாகவும் பக்கத்து எழுத்து உடைந்தும் வருவது இதனால்தான்.

போனில் ஏன் வடிவாக இருந்தது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. போனில் நாங்கள் இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்க்கிறோம். 8 பொயின்ட் எழுத்து கண்ணுக்கு 30 பொயின்ட் ஆகிவிடுகிறது. அச்சிட்ட காட்டை விரலால் பெருப்பிக்க முடியாது.

அச்சகத்தில் என்ன நடக்கிறது

ஓப்செட் தகடு லேசர் பிரின்டரைவிட மிக நுண்ணியது. 0.035 மி.மீ. கோட்டை அது தாங்கும். ஆகவே ஓப்செட்டில் அடித்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம். கறுப்பு மையில், வழுவழுப்பான தாளில் அடித்தால் பெரும்பாலும் அது உண்மை. கலியாணக் காட்டோ கறுப்பில் அடிப்பதில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

1. கலவை நிறம்: மெரூன் என்பது அச்சகத்தில் ஒரு மை அல்ல. சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகளின் நுண்புள்ளிகளைக் கலந்து காட்டும் தோற்றம். அங்குலத்துக்கு 175 வரி என்ற கணக்கில் அடித்தால் ஒரு புள்ளிக்கான கட்டம் ஏறக்குறைய 0.145 மி.மீ. மயிரிழை அதில் நாலில் ஒரு பங்கு. ஆகவே கோடு கோடாக வராது, அங்கொன்றும் இங்கொன்றுமான புள்ளிகளாக வரும். ஒரு நிறம் மயிரளவு விலகினாலும் சிவப்பு நிழல் தெரியும். இதற்கு வழி, அந்த நிறத்தைத் தனி மையாகக் கலந்து அடிப்பது. செலவு கூடும்.

2. வெள்ளை எழுத்து: மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் எழுத்து இருக்கும் இடத்தில் மை இல்லை. சுற்றியுள்ள மை சற்றுப் பரவும். தடித்த தண்டுக்கு அது ஒன்றும் செய்யாது, மயிரிழையை இருபக்கமும் நெருக்கி அடைத்துவிடும்.

3. தங்கப் பூச்சு: சூடான தகட்டால் தங்கத்தாளை அழுத்தி ஒட்டும் முறையில் மெல்லிய கோட்டில் தாள் முழுதாகப் பிடிக்காது. பிடித்தாலும் கை பட்டால் உரியும். நெருங்கிய கோடுகளுக்கு இடையில் வேண்டாத தங்கமும் ஒட்டிக்கொள்ளும்.

4. சொரசொரப்பான தாள்: பாஸ்கர்வில் தப்பி ஓடிய அதே மேடு பள்ளத்தை நாங்கள் காசு கூடக் கொடுத்து வாங்குகிறோம். கைத்தாள் சாயலுள்ள காட்டில் கைத்தாள் காலத்து எழுத்து அழகாக வரும். டிடோன் வராது.

இந்த நாலும் ஒரே காட்டில் சேர்ந்துவரும்போது அச்சகக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டாரா என்பது வேறு கேள்வி.

தமிழ் எழுத்துக்கு இது பொருந்துமா

யாழ்ப்பாணத்துக் காட்டில் ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி. ஆங்கிலத்துக்கு டிடோன் போட்டால் பக்கத்தில் தமிழுக்கு எதைப் போடுவது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. 'தமிழிலும் அதேபோல மெல்லிசு தடிப்பாக ஒன்று வேண்டும்' என்று கேட்பது இயல்பு. ஆனால் இரண்டு எழுத்துக்களும் வந்த வழி வேறு.

தமிழ் எழுத்தை நூற்றாண்டுகளாக எழுதியது ஓலையும் எழுத்தாணியும். எழுத்தாணி கீறும் கருவி, அதற்குத் தடிப்பும் மெல்லிசும் இல்லை. எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே கோடு. ஆங்கில எழுத்துக்கு எங்கே தடிக்க வேண்டும் என்பதைப் பேனா முடிவு செய்து கொடுத்துவிட்டது. தமிழ் எழுத்துக்கு அப்படி ஒரு தீர்ப்பு ஓலையில் எழுதப்படவில்லை. தமிழ் அச்செழுத்தில் காணும் தடிப்பு வேறுபாடு அச்செழுத்து வெட்டியவர்கள் கொண்டுவந்தது. சிலது அருமையாக அமைந்தது, சிலது ஒட்டவில்லை.

ஒட்டாமல் போவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களின் அடையாளம் பெரும்பாலும் செங்குத்துத் தண்டுகளில் இருக்கிறது. அவற்றைத் தடிப்பாக வைத்துப் படுக்கைக் கோடுகளை மெலியவிட்டாலும் எழுத்து ஓரளவு பிழைக்கும். தமிழில் படுக்கைக் கோட்டுக்கு வேலை அதிகம்.

ட என்பது ஒரு செங்குத்தும் ஒரு அடிக்கோடும். அடிக்கோடு மறைந்தால் மிஞ்சுவது வெறும் கம்பம். ப என்பது இரண்டு செங்குத்தை ஓர் அடிக்கோடு பிணைப்பது. அது போனால் இரண்டு கம்பங்கள். ம, ய, வ எல்லாவற்றிலும் அடிக்கோடு சுமைதாங்கி. பொடோனியின் சட்டத்தை அப்படியே தமிழுக்குப் போட்டு அடிக்கோட்டை மயிரிழையாக்கினால், வேலை செய்யும் கோட்டைத்தான் மெலிய வைக்கிறோம்.

இதைவிடச் சிக்கலான சோடி ரகரமும் காலும். ர, ா இரண்டுக்கும் வித்தியாசம் அடியில் வரும் ஒரு சிறு கோடு. ஓலைச் சுவடிகளில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவார்கள், புள்ளியும் வைக்கமாட்டார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் இந்தக் குழப்பத்தோடு மல்லுக்கட்டித்தான் பழைய நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அச்சு தீர்த்துவைத்த அந்தக் குழப்பத்தை மயிரிழை திரும்பக் கொண்டுவந்துவிடும். ரகரத்தின் அடிக்கோடு அச்சில் விழாவிட்டால் பரதன் பாதன் ஆவார். வரன் வான் ஆகிவிடும். கலியாண வீட்டுக்கு வானும் தேவைதான், ஆனால் காட்டில் அல்ல.

தடிப்பு பக்கத்திலும் தொல்லை இருக்கிறது. ண, ன, ஞ, ஐ போன்றவற்றில் சுழிகள் நெருங்கி நிற்கின்றன. தண்டுகளைப் பொடோனி அளவுக்குத் தடிக்க வைத்தால் சுழிக்குள் வெளிச்சம் இருக்காது, மை அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். ணகரத்தைத் தடித்த எழுத்தில் சிறிய அளவில் அடித்துப் பார்த்தால் விளங்கும்.

அதனால் நல்ல தமிழ் வடிவமைப்பாளர்கள் விகிதத்தைப் பிரதி எடுப்பதில்லை. மட்டான வேறுபாட்டோடு, மெல்லிய கோட்டுக்கும் உடம்பு வைத்துத்தான் வரைகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் டிரோ தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியும். இவற்றைப் பிளேஃபெயாரோடு வைத்தால் சண்டை பிடிக்காது. டிடோவோடு வைத்தால் தமிழ் சற்றுச் சாதுவாகத் தெரியும், அதில் தவறில்லை. தமிழை ஆங்கிலத்தின் நிழலாக்க முயன்று இரண்டையும் கெடுப்பதைவிட, தமிழ் பெயரைப் பெரிதாகவும் நிதானமான எழுத்திலும் வைத்து, ஆங்கிலத்தைச் சிறு அலங்காரமாக விடுவது நல்லது என்பது என் எண்ணம்.

பாமினி பற்றி ஒரு வரி. எங்கள் அச்சகங்களில் நெடுங்காலம் ஓடிய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது, யுனிகோட் அல்ல. பாமினியில் அடித்த வரியைத் தெரிந்தெடுத்துப் பொடோனிக்கு மாற்றினால் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகிவிடும். மெய்ப்புப் பார்க்காத காட்டில் அதுவும் அச்சாகி வரலாம்.

அளவிலும் கவனம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பொயின்ட் கொடுத்தால் இரண்டும் ஒரே உயரத்தில் தெரியும் என்று நம்பவேண்டாம். கண்ணால் பார்த்து ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ ஒப்பேற்ற வேண்டியதுதான்.

எங்கே பாவிக்கலாம்

பெரிய எழுத்து, குறைந்த சொல், நிறைய வெற்றிடம், வழுவழுப்பான தாள். இந்த நாலும் இருக்கும் இடத்தில் டிடோனை மிஞ்ச ஆளில்லை. வோக் சஞ்சிகையின் பெயரும், ஸாரா நிறுவனம் 2019இல் எழுத்துக்களை ஒன்றோடொன்று முட்டவைத்து மாற்றிய லோகோவும் இந்த வகைதான். நான்கைந்து எழுத்து, அதுவும் பெரிதாக. நகைக்கடை, சேலைக்கடை, வாசனைத் திரவியம் எல்லாம் இதை நாடுவது வியப்பில்லை. மெல்லிய கோட்டைக் காப்பாற்றச் செலவாகும் என்பதால், செலவழித்தவர் என்ற எண்ணத்தை அது தானாகவே உண்டாக்குகிறது.

கடைப் பலகைக்கு வேறு கணக்கு. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். அது 30 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். ஒரு அடி உயர எழுத்தில் மயிரிழை ஐம்பதில் ஒரு பங்கு என்றால் 6 மி.மீ. ஆகவே 20 மீற்றருக்கு அப்பால் அது கரையத் தொடங்கும். கஸ்தூரியார் வீதியில் கடைக்கு முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது போதும். காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குப் போதாது. எழுத்தை வெட்டி உள்ளே மின்விளக்கு வைக்கும் பலகை என்றால் மயிரிழைக்குள் விளக்கு நுழையாது. அங்கே இந்த எழுத்தைக் கேட்பதே வீண்.

கல்வெட்டில், அதாவது 31ஆம் நாள் நினைவு மலரில், அட்டைக்குப் போடலாம். உள்ளே தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் வயதானவர்கள் கையில் வைத்து வாசிப்பவை, அங்கே வேண்டாம். செய்தித்தாள் மரண அறிவித்தலுக்கு எந்த அளவிலும் வேண்டாம்.

வட்ஸ்அப்பில் அனுப்பும் காட்டுக்கும் ஒரு சொல். படமாக அனுப்பும்போது அது அளவைச் சுருக்கி நெருக்குகிறது, முதலில் கரைவது மயிரிழைதான். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

கலியாணக் காட்டுக்கு ஏற்கெனவே டிடோன் என்று முடிவெடுத்துவிட்டீர்களா? அப்படியானால் பெயர்களை மட்டும் அதில் போட்டு, 24 பொயின்டுக்குக் கீழே வரும் எல்லாவற்றையும் திடமான வேறு எழுத்துக்கு மாற்றுங்கள். போனில் வரும் பிடிஎஃப்பைப் பார்த்துச் சம்மதம் சொல்லாதீர்கள். அடிக்கப்போகும் அதே தாளில், அதே நிறத்தில், அதே அளவில் ஒரு பிரதி கேளுங்கள். அதை வீட்டில் உள்ள வயதான ஒருவரிடம் கொடுத்து, தொலைபேசி இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். டிடோன் எழுத்தில் 3, 6, 8, 9 எல்லாம் மயிரிழையால்தான் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. அவர் காட்டை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தால், மொத்தத்தையும் அடிக்க முன்னம் எழுத்தை மாற்றிவிடுங்கள்.